காரின் கேபின் ஃபில்டர்: எப்போது மாற்ற வேண்டும், எப்படி மாற்ற வேண்டும்

பெரும்பாலான கார்களில் காற்றை வடிகட்டும் ஃபில்டர்கள் இரண்டு உண்டு. ஒன்று என்ஜினுக்குள் போகும் காற்றுக்கானது. மற்றொன்று ஏசி வழியாக உள்ளே இருப்பவர்கள் சுவாசிக்கும் காற்றுக்கானது. இரண்டாவதைத்தான் கேபின் ஃபில்டர் என்றும், பேச்சுவழக்கில் ஏசி ஃபில்டர் என்றும் சொல்கிறோம். என்ஜின் ஃபில்டர் மிகவும் அடைத்துக்கொண்டால் வண்டியின் இழுவையே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். கேபின் ஃபில்டர் மெல்ல மெல்ல அடைபடுவதால் காற்றின் வேகமும் மெல்ல மெல்லவே குறைகிறது. நாமும் காற்றை உள்ளே தள்ளும் விசிறியான ப்ளோயரை ஒரு படி கூட்டி வைத்துக்கொண்டு அதற்குப் பழகிவிடுகிறோம். ஆகவே, வண்டி ஏதாவது அறிகுறி காட்டட்டும் என்று காத்திராமல், அவ்வப்போது அதைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதே சரியான வழி.

பெரும்பாலான கார்களுக்கு 15,000 முதல் 25,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, அல்லது ஆண்டுக்கு ஒரு முறை, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் வண்டிக்கான அளவு அதன் கையேட்டில் இருக்கும். ஆனால் தூரக் கணக்கை மட்டும் நம்புவது போதாது. ஃபில்டரின் ஆயுளைத் தீர்மானிப்பது ப்ளோயர் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த மாதிரிக் காற்றை இழுத்தது என்பவைதான். நெரிசலில் ஊர்ந்து செல்லும் கார் குறைந்த தூரமே ஓடியிருந்தாலும் நாள் முழுவதும் புகையையும் தூசியையும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. மண்சாலையிலோ கட்டடவேலை நடக்கும் இடங்களிலோ ஓடும் வண்டிக்குச் சொல்லப்பட்ட தூரத்தில் பாதி வந்ததுமே ஃபில்டரை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் இலைத்துணுக்குகளும் பூந்தாதும் சேர்ந்து, ஈரம் பட்டதும் பூஞ்சை பிடித்துவிடும். அதனால்தான் அதிகம் ஓடாத காருக்கும் ஆண்டுக்கொரு மாற்றம் தேவைப்படுகிறது.

ப்ளோயரை முழு வேகத்தில் வைத்தாலும் இரைச்சல்தான் கூடுகிறது, காற்று கூடவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த ஃபில்டரைத்தான். முன்கண்ணாடியில் படியும் ஆவி விலக வழக்கத்தைவிட நேரமாவதும், டேஷ்போர்டில் துடைத்த மறுநாளே மெல்லிய தூசி படிவதும், ஏசியைப் போட்ட முதல் சில நொடிகளில் முடைநாற்றம் வருவதும் மற்ற அறிகுறிகள். ஏசி குளிரவில்லை என்று கேஸ் நிரப்பக் கொண்டுபோவதற்கு முன்பு ஒரு முறை ஃபில்டரைப் பார்த்துவிடுவது நல்லது. காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் வழியாகப் போதிய காற்று போகாவிட்டால், மற்றவை எல்லாம் சரியாக இருந்தாலும் உள்ளே குளிர்ச்சி வந்து சேராது.

கழற்றிய ஃபில்டரின் மேற்பரப்பு சற்றே சாம்பல் நிறமாக இருப்பது மட்டும் குறையாகாது. அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்றே பொருள். மடிப்புகளை விரலால் விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மடிப்பின் அடிவரை கறுத்து, ஒளி ஊடுருவாமல் இருந்தாலும், ஈரக்கறையோ பூஞ்சைப் புள்ளியோ தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். நாற்றத்தையும் சில வாயுக்களையும் ஈர்த்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் கார்பன் ஃபில்டர் புதிதாக இருக்கும்போதே கரிய நிறத்தில்தான் இருக்கும். அதிலுள்ள கரி நிறைந்துவிட்டதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. அந்த வகைக்குக் கையேட்டின் கால அளவைக் கடைப்பிடிப்பதே பாதுகாப்பு. நெரிசலில் அதிகம் ஓட்டுவோருக்குக் கரி கலந்த ஃபில்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது தகும் என்பது என் கருத்து. எனினும் வண்டிப் புகையில் உள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை எந்த கேபின் ஃபில்டரும் தடுக்காது என்பதை மறக்கவே கூடாது. காருக்குள் புகைநெடி வந்தால் அது ஃபில்டரோடு முடியும் விஷயமல்ல. உடனே ஜன்னல்களைத் திறந்து, வண்டியை நிறுத்தி, புகைக்குழாயைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

பழைய ஃபில்டரைக் கழுவியோ கம்ப்ரஸர் காற்றால் ஊதியோ மீண்டும் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கழுவிப் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருந்தாலொழிய இதைச் செய்யாதீர்கள். நுண்துகள்களைப் பிடிப்பதற்காகப் பல ஃபில்டர்களின் இழைகளில் மின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கும். தண்ணீர் பட்டால் அந்தத் திறன் குறைந்துவிடும். அழுத்தக் காற்று இழைகளை விலக்கி இடைவெளி உண்டாக்கிவிடும். பார்வைக்குச் சுத்தமாகிவிட்ட ஃபில்டர், உண்மையில் வடிகட்டாத ஃபில்டராக இருக்கலாம்.

புதியதை வாங்கும்போது வண்டியின் மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள். ஒரே பெயருள்ள காரிலேயே ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறுவதுண்டு. ஃபில்டரின் விளிம்புச் சட்டத்துக்கும் அது அமரும் கூட்டுக்கும் நடுவே சிறிய இடைவெளி இருந்தாலும், காற்று மடிப்புகளைத் தவிர்த்துவிட்டு அந்த வழியாகவே உள்ளே போய்விடும்.

பல கார்களில் கேபின் ஃபில்டர் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. மாற்றுவதற்குக் கால் மணி நேரம் போதும். முதலில் இக்னிஷனை அணைத்துவிடுங்கள். ஃபில்டர் இல்லாத நேரத்தில் ப்ளோயர் ஓடினால் ஓர் இலைத்துணுக்கு அதன் சக்கரத்துக்குள் விழுந்து, பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். குளோவ் பாக்ஸைக் காலி செய்து திறந்தால், அது மெல்ல இறங்குவதற்காகப் பக்கவாட்டில் ஒரு கயிறோ சிறு தண்டோ மாட்டியிருப்பது தெரியும். இருந்தால் அதைக் கழற்றுங்கள். பிறகு பெட்டியின் இரு பக்கச் சுவர்களையும் உட்புறமாக அழுத்தினால், தடுப்பு முனைகள் விடுபட்டு அது முழுவதும் கீழே இறங்கும். இறங்க மறுத்தால் பலமாக இழுக்காதீர்கள். சில வண்டிகளில் திருகுகளும் இருக்கும்.

பின்னால் நீள்சதுரமான பிளாஸ்டிக் மூடி ஒன்று தெரியும். அதன் ஓரக் கிளிப்புகளை அழுத்தி மூடியை எடுத்ததும், பழைய ஃபில்டரை வெளியே இழுப்பதற்கு முன் அதன் விளிம்பில் உள்ள அம்புக்குறியைக் கவனித்துக்கொள்ளுங்கள். இங்குதான் பலர் குழம்புகிறார்கள். ‘ஏர் ஃப்ளோ’ என்ற எழுத்துடன் உள்ள அம்பு காற்று செல்லும் திசையைக் காட்டுகிறது. ‘அப்’ என்று எழுதிய அம்போ எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதை மட்டுமே காட்டுகிறது. இரண்டும் ஒன்றல்ல. அம்பே இல்லாவிட்டால் பழைய ஃபில்டரையே பாருங்கள்: இலையும் தூசியும் படிந்த பக்கம்தான் காற்று நுழையும் பக்கம். புதியதையும் அதே வாக்கில் வைக்க வேண்டும்.

பழையதைச் சாய்க்காமல், மட்டமாக மெதுவாக இழுத்தால் குப்பை உள்ளே சிந்தாது. காலியான கூட்டை வேக்யூம் கிளீனராலோ சற்றே ஈரமான துணியாலோ துடைத்து, ஈரம் காய்ந்ததும் புதியதை நுழையுங்கள். அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மடிப்புகள் நசுங்கும்படி திணிக்க நேர்ந்தால் அளவோ வாக்கோ தவறு. மூடியின் கிளிப்புகள் ‘க்ளிக்’ என்று பொருந்தியபின், குளோவ் பாக்ஸைப் பழையபடி மாட்டலாம்.

வேறு சில கார்களில் ஃபில்டர் போனட்டுக்கு அடியில், முன்கண்ணாடியின் கீழ்விளிம்பை ஒட்டிய பிளாஸ்டிக் தட்டின் கீழ் இருக்கும். அங்கே இலைகள் சேர்ந்து வடிகால் துளை அடைத்துக்கொண்டால் மழைநீர் தேங்கி ஃபில்டரை நனைக்கும். அதனால் துளைகளையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிடுங்கள். கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில் இருப்பதும் உண்டு. அங்கே இடம் நெருக்கடி என்பதால் பொறுமை வேண்டும். சில அடிப்படை மாடல்களில் ஃபில்டரே பொருத்தப்பட்டிருக்காது என்பதால், புதிய ஃபில்டரை வாங்குவதற்கு முன் திறந்து பார்த்துவிடுங்கள்.

மாற்றிய பிறகும் முடைநாற்றம் வந்தால், ஈரத்திலேயே இருக்கும் கூலிங் காயிலில் பூஞ்சை படர்ந்திருக்கக்கூடும். போய்ச் சேர்வதற்குச் சில நிமிடங்கள் முன்பாக ஏசி பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோயரை ஓடவிட்டால் காயில் உலரும். சில வாரங்கள் இப்படிச் செய்தும் நாற்றம் போகாவிட்டால் காயிலையே சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டியதுதான்.