நாலு பேருக்கு ஒரே டாஷ்போர்டு: நான் சரிசெய்த விதம்

கோயம்பேட்டிலிருந்து கடைகளுக்குக் காய்கறி அனுப்பும் ஒரு நிறுவனத்துக்கு டாஷ்போர்டு, அதாவது வேலை நிலவரத்தை ஒரே இடத்தில் காட்டும் திரை, செய்து கொடுத்திருந்தேன். லோடு ஏற்றும் சூப்பர்வைசர், வேன் டிரைவர், கணக்கர், முதலாளி என நாலு பேருக்கும் ஒரே திரை. அவரவருக்கு வேண்டாத பெட்டிகளை மட்டும் மறைத்திருந்தேன். ஆனால் வேலையெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே நடந்தது.

சரி, நேரிலேயே பார்ப்போம் என்று விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் ஈரக்கையோடு போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "எந்த வண்டி இன்னும் கிளம்பலைன்னு தெரிஞ்சா போதும் தம்பி" என்றார். முதல் திரையில் நான் வைத்திருந்ததோ மாத விற்பனை வரைபடம்!

மறைக்கும் வேலையை அன்றே விட்டேன். உள்ளே வந்ததும் ஒருவர் முதலில் தேடுவது எதுவோ, அதுவே இப்போது அவருடைய முகப்பு. சூப்பர்வைசருக்குக் கிளம்பாத வண்டிகள், டிரைவருக்கு அடுத்த கடை, கணக்கருக்கு வராத பாக்கி. வரைபடம் முதலாளிக்கு மட்டும். பொத்தான்களை 48 பிக்சலுக்குக் குறையாமல் பெரிதாக்கினேன். வெயிலில் படிக்க வேண்டுமே என்று எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாட்டை, டபிள்யூசிஏஜி (இணையப் பக்கங்களை எல்லாரும் எளிதாகப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு விதிகள்) கேட்கும் 4.5:1-ஐத் தாண்டியே வைத்தேன்.

அப்போதுதான் பெரிய ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது. நான் மறைத்தது திரையில் மட்டும்தான். சர்வரிலிருந்து திரைக்குத் தரவு கொடுக்கும் ஏபிஐ, எல்லாருக்கும் எல்லாத் தரவையும் அனுப்பிக்கொண்டிருந்தது. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் கொள்முதல் விலை யாருக்கும் தெரியும். உடனே அனுமதிச் சோதனையை சர்வருக்கு மாற்றினேன். தரவு குறைந்ததால் பக்கமும் சட்டென்று திறந்தது.

அப்புறம் ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கரே லோடும் பார்ப்பாராம். அவருக்காக, இரண்டு முகப்புகளுக்கும் இடையே மாறிக்கொள்ள மேலே ஒரு பொத்தான் வைத்தேன்.