பயணத்தில் கிடைத்த கூட்டாளிமாரோடு மலை ஏறுவோர் விடும் பிழைகள்

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம்பேயில் அலைச்சறுக்குக்கு அலை நல்லாக இருப்பது மே தொடக்கம் செப்டெம்பர் வரை. கொழும்பு, யாழ்ப்பாணம், வெளிநாடு என்று பல பக்கத்து ஆட்கள் ஒரே விடுதியில் தங்கி, இரண்டு நாளில் 'மச்சான்' போட்டுக் கதைக்கும் அளவுக்கு நெருங்குவதும் அந்த மாதங்களில்தான். "நாளைக்கு எங்கயாவது மலை ஏறுவமா?" என்ற பேச்சும் அப்போதுதான் கிளம்பும். ஆனால் அதே மாதங்களில்தான் கிழக்கில் கச்சான் என்ற வறண்ட காற்று அடித்து மண்ணும் கல்லும் காய்ந்து கிடக்கும். கூட்டாளி சேரும் காலமும் மலை ஏறத் தோதான காலமும் எங்கள் பக்கத்தில் ஒத்து வருவதில்லை. மாரி ஓய்ந்து பெப்ரவரி, மார்ச்சில் வருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்கள் வெயிலோடு கணக்குப் பார்த்துத்தான் போக வேண்டும்.

வெயிலைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: மரியாதை. சின்ன வயதிலிருந்து பழகியவன் என்றால், "எனக்கு ஏலாது, நான் இதில இருக்கிறன், நீங்க போய் வாங்க" என்று பாதி வழியில் குந்திவிடுவான். முந்தாநாள் பழகியவன் அப்படிச் சொல்ல மாட்டான். தலை சுற்றினாலும் சிரித்துக்கொண்டே ஏறுவான். அவன் ஏறுகிறானே என்று அடுத்தவனும் ஏறுவான். ஐந்து பேரும் உள்ளுக்குள் திரும்ப விரும்பி, ஒருவரும் வாய் திறக்காமல் உச்சிக்குப் போய்ச் சேர்வதும் நடக்கும்.

ஆகவே பேச வேண்டியதை முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே பேசிவிடுங்கள். இதுக்கு முதல் எங்கே ஏறியிருக்கிறாய்? மூட்டு வலி, வீசிங், சீனி வருத்தம் ஏதும் உண்டா? மருந்து பையில் எந்தப் பக்கம் இருக்கிறது? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். திரும்பும் நேரத்தையும் அப்போதே முடிவு செய்யுங்கள். பத்து மணி என்றால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் பத்து மணிக்குத் திரும்புவதுதான். மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடுங்கள். வேகமானவர் முன்னே போனால் பின்னால் வருகிறவர் மூச்சு வாங்குவது அவருக்குத் தெரியாது.

இந்த ஒழுங்கைக் கற்க வெளியே போகத் தேவையில்லை. உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண காட்டு வழியாகக் கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை நடக்கிறவர்களைப் பாருங்கள். வழியில் வந்து சேர்ந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் நடப்பார்கள், ஒருவரை ஒருவர் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் வேல் தாங்கி முன்னே போகும் மூத்தவர் நில் என்றால் எல்லோரும் நிற்பார்கள். விடுதிக் கூட்டத்தில் அப்படி ஒரு ஆள் இருப்பதில்லை. தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் அந்தப் பொறுப்பு கேட்காமலே உங்கள் தலையில் விழும். மட்டக்களப்பில் பிறந்தவருக்கு மட்டக்களப்புக் காடு முழுக்கத் தெரியும் என்று வெளியாட்கள் நம்புவார்கள். தெரியாத இடமென்றால் தெரியாது என்று சொல்லி, அந்த ஊர் ஆள் ஒருவரைக் கூலி பேசிக் கூட்டிப் போங்கள்.

இடத்தையே மாற்றிப் பிடிக்கும் பிழையும் உண்டு. குடும்பிமலை கிரான் பக்கம், மட்டக்களப்பு மாவட்டம். சிங்களத்தில் தொப்பிகல என்பார்கள், உயரம் 500 மீட்டருக்குச் சற்று மேல். குடும்பிகல பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில், அம்பாறை மாவட்டம். இரண்டுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் வழி. போனில் பெயரை அரைகுறையாகத் தட்டி, வந்த முதல் இடத்தை அழுத்தினால் அந்த நாள் போச்சு.

குடும்பிமலையைச் சுற்றி மாட்டுப் பட்டிகள் நிறைய. ஏறுவதற்கு முன் பட்டிக்காரரிடம் இரண்டு கதை கதையுங்கள். நேற்று யானை எந்தப் பக்கம் நின்றது என்பது வரைபடத்தில் வராது, அவருக்குத் தெரியும். 2007 வரை போர் நடந்த இடம் அது. அடித்த தடத்தை விட்டு விலகாதீர்கள், மண்ணில் கிடக்கும் இரும்பு எதையும் தொடாதீர்கள்.

குடும்பிகல பிக்குமார் தியானம் இருக்கும் ஆரண்யம், அதாவது காட்டு மடம். குட்டைக் காற்சட்டையோடு கடலிலிருந்து நேரே வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டி வருவது சங்கடம். ஆடை விசயத்தை விடுதியிலேயே சொல்லிவிடுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சப்பாத்தைக் கழற்ற வேண்டிய இடங்களில் வெயில் ஏறிய பிறகு கல் கொதிக்கும், கால் வைக்க ஏலாது. விடிய வெள்ளாப்பில் போவதற்கு இதுவே போதிய காரணம்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லீட்டர், அவரவர் முதுகில். ஒரே பையில் எல்லோருக்கும் போட்டால் அந்தப் பைக்காரர் பிந்தும்போது மற்றவர்கள் தாகத்தில் நிற்பார்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஜீவனி (உடம்பு இழந்த உப்பையும் நீரையும் ஈடுசெய்யும் தூள்) பக்கெட் ஒன்றிரண்டு வைத்திருங்கள், ஒரு பக்கெட்டை ஒரு லீட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும். ஒருவர் சம்பந்தமில்லாமல் உளறத் தொடங்கினால், தோல் நெருப்பாகச் சுட்டால், களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே 1990 என்ற எண்ணுக்குப் போன் எடுங்கள். அம்புலன்ஸ் இலவசம். காட்டுக்குள் சிக்னல் விட்டுப் போகும் என்பதால், எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை விடுதியில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். பெண் பிள்ளைகள், தங்களோடு வருகிறவர்களின் படத்தையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. அதில் கோபப்படுகிறவன் கூட்டாளியே இல்லை.

ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஜூலையில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருந்து பழக்கம். இங்கே ஆறரைக்குள் பொழுது பட்டு, அரை மணிக்குள் இருட்டிவிடும். "இன்னும் நேரம் இருக்குத்தானே" என்று அவர்கள் சொல்வது அவர்கள் ஊர்க் கணக்கு. யானைகள் வெளியே இறங்கும் நேரமும் அதுதான்.

குளவிக் கூடு தெரிந்தால் சத்தம் போடாமல் விலகுங்கள். மாரியில் பாசி பிடித்த கல்லில் ஏறவே வேண்டாம்.

கடைசியாக ஓட்டோ. போகும் கூலியை மட்டும் பேசிவிட்டு இறங்கினால் திரும்பும்போது வண்டி நிற்காது. காத்திருக்கும் காசையும் முதலே பேசி, பாதியைக் கொடுத்து, மீதியை விடுதிக்கு வந்த பிறகு கொடுங்கள்.