செய்யுளின் அணியும் தொடையும்: கந்தகோட்டத்துப் பாடல் ஒன்றை வைத்து ஒரு செய்முறை

மோனை, எதுகை, உவமை, உருவகம் என்ற பெயர்களைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் ஒரு பாடலைக் கையில் கொடுத்து, இந்த எதுகை இங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் "செய்யுளுக்கு அழகு சேர்க்கிறது" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அந்த விடை எந்தப் பாடலுக்கும் பொருந்தும். ஆகவே எந்தப் பாடலையும் விளக்காது. இந்தச் செய்முறை முழுவதற்கும் ஒரே விதிதான்: ஐயம் வந்தால் சொல்லை மாற்றிப் பாருங்கள், மாற்றியதும் எது போய்விடுகிறதோ அதுவே அந்த உத்தியின் பயன்.

பயிற்சிக்கு, வடசென்னையில் பலருக்கும் காதில் விழுந்து பழகிய பாடலையே எடுத்துக்கொள்வோம். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் இளமைக்காலத்தில் வாழ்ந்த வள்ளலார் (1823–1874), கந்தகோட்டத்து முருகன்மேல் பாடிய தெய்வமணிமாலையில் உள்ள "ஒருமையுடன் நினது திருமலரடி" என்று தொடங்கும் பாடல் அது. முழுப் பாடலையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வாய்விட்டுப் படித்து அடிகளைக் கண்டுபிடியுங்கள்

அச்சில் இந்தப் பாடல் பெரும்பாலும் எட்டு வரிகளாக இருக்கும். எட்டு வரி என்றால் எட்டு அடி என்று எண்ணிவிடக் கூடாது; வரி என்பது தாளின் அகலத்தைப் பொறுத்தது, அடி என்பது செய்யுளின் அளவு. அடி எங்கே தொடங்குகிறது என்பதை எதுகையே காட்டிக்கொடுக்கும். முதல் எழுத்து அளவில் ஒத்திருக்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. ஒருமையுடன், பெருமைபெறு, மருவு, தருமமிகு என்ற நான்கு சொற்களிலும் முதலெழுத்து குறில், இரண்டாம் எழுத்து "ரு". ஆகவே பாடலுக்கு நான்கு அடிகள். ("பெருநெறி" என்ற சொல்லிலும் "ரு" இருக்கிறதே என்று கேட்பவர்கள் அடுத்த படிவரை பொறுத்திருக்கவும்.)

இரண்டாம் படி: மோனையை வட்டமிடுங்கள்

இப்போது எட்டு வரிகளின் முதல் எழுத்துகளை மட்டும் பாருங்கள். ஒருமையுடன் – உள்ளொன்று, பெருமைபெறு – பெருநெறி, மருவு – மதி, தருமமிகு – தண்முக. முதலெழுத்து ஒன்றுவது மோனை. உ, ஊ, ஒ, ஓ ஆகிய நான்கும் தமக்குள் இனமாதலால் ஒருமையும் உள்ளொன்றும் மோனையாகவே கொள்ளப்படும். நீண்ட அடியின் நடுவில் குரல் மூச்சு வாங்கும் இடத்தில், அடியின் தொடக்க ஒலியே மறுபடி வந்து மறுபாதியை எடுத்துக் கொடுக்கிறது. ஆக, நான்கு அடிகளையும் கட்டுவது எதுகை. ஒவ்வோர் அடியின் இரண்டு பாதிகளையும் கட்டுவது மோனை. "பெருநெறி" பாதியின் தொடக்கமே தவிர அடியின் தொடக்கம் அன்று. அதிலுள்ள "ரு" கூடுதல் வரவு.

சோதிக்க வேண்டுமானால் "உள்ளொன்று" என்பதை "மனத்தொன்று" என்று மாற்றிப் பாடிப் பாருங்கள். பொருள் கெடவில்லை. ஆனால் மறுபாதி வேறொரு பாடலிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதுபோல் தனியே நிற்கும்.

இயைபைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடிகளின் இறுதி ஒன்றுவது இயைபு. பழைய செய்யுள் ஒலியை அடியின் தலைப்பக்கம் கட்டியது என்றால், வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் பாடப்படும் கானா அதை வால்பக்கம் கட்டுகிறது. கேட்பவர் அடி முடியும் முன்பே அடுத்த சொல்லை ஊகித்துச் சேர்ந்து பாட முடிவது அதனால்தான். மோனை, எதுகை, இயைபு என்று ஒலி ஒன்றி வரும்படி தொடுப்பதையே தொடை என்கிறோம். இந்த மூன்று தொடைகளும் ஒன்றாக வர வேண்டுமென்று நான் கட்டிய இரண்டடி இது:

கரைமீது வலைகாயும் காசிமேட் டோரம்
இரைதேடும் காக்கைக்கும் ஏலமே நேரம்

கரை–இரை எதுகை, கரை–காசி மோனை, இரை–ஏலம் இனமோனை, ஓரம்–நேரம் இயைபு.

மூன்றாம் படி: திரும்ப வருவதையும் முரண்படுவதையும் எண்ணுங்கள்

வள்ளலார் பாடலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. "வேண்டும்" என்ற சொல் முதல் மூன்று அடிகளில் 11 முறை வருகிறது. ஒரே சொல் ஒரே பொருளில் மீண்டும் மீண்டும் வருவதைச் சொற்பொருள் பின்வருநிலை அணி என்பார்கள். பெயரை எழுதியதோடு நிறுத்தாமல், அந்தச் சொல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். புகழ் பேச வேண்டும், பொய்மை பேசாதிருக்க வேண்டும். நெறி பிடித்தொழுக வேண்டும், பேய் பிடியாதிருக்க வேண்டும். ஆசையை மறக்க வேண்டும், உன்னை மறவாதிருக்க வேண்டும். ஒரே வினை உடன்பாட்டிலும் எதிர்மறையிலும் இரட்டையாக வருகிறது. இதற்குள் நாம் இரட்டைகளுக்குப் பழகிவிடுகிறோம். அப்போது மதி, நிதி, நோயற்ற வாழ்வு என்று மூன்றாக வந்து அந்த ஒழுங்கு உடைகிறது, வேகம் கூடுகிறது. நான்காம் அடியில் ஒரு "வேண்டும்" கூட இல்லை. கேட்பது முடிந்து, "கந்தவேளே" என்று அழைப்பது மட்டுமே மிஞ்சுகிறது.

நான்காம் படி: உவமையையும் உருவகத்தையும் பிரித்தறியுங்கள்

"மலரடி" என்பது மலர் போன்ற அடி, உவமை. சொற்களை இடம் மாற்றி "அடிமலர்" என்றால் அடியாகிய மலர், உருவகம். உவமையில் இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. உருவகத்தில் ஒன்றன்மேல் மற்றொன்று ஏறி இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. "போல", "ஒப்ப", "அன்ன" முதலிய உருபுகள் வெளிப்பட்டோ மறைந்தோ இருந்தால் உவமை. "ஆகிய", "ஆன" என்று விரிந்தால் உருவகம்.

"மதமான பேய்" உருவகம். மதம் என்பதற்குச் செருக்கு என்றும் சமயவெறி என்றும் பொருள் கொள்வார்கள். எதுவானாலும், அது பேயாக ஆனவுடன் "பிடி" என்ற வினை திசை மாறுவதைக் கவனியுங்கள். நெறியை நாம் பிடிக்கிறோம், பேயோ நம்மைப் பிடிக்கிறது. "பேய்" என்பதை எடுத்துவிட்டு "மதத்தைப் பிடியாதிருக்க" என்று மாற்றினால், பிடிபடுவோம் என்ற அச்சம் முழுவதும் காணாமல் போகும்.

ஐந்தாம் படி: தற்குறிப்பேற்றத்தை ஆளுருவகத்தோடு குழப்பாதிருங்கள்

இந்தப் பாடலில் தற்குறிப்பேற்றம் இல்லை; எண்ணூருக்குப் போவோம். அலை சிரித்தது, காற்று பேசியது என்று உயிரற்றதை ஆளாக்கினால் அது ஆளுருவகம்; அதனால் மட்டும் தற்குறிப்பேற்றம் ஆகிவிடாது. இயல்பாக நடக்கும் ஒரு நிகழ்ச்சி இருக்க வேண்டும்; அதற்குக் கவிஞர் தம் கருத்தை ஒரு காரணமாக ஏற்றிச் சொல்ல வேண்டும். கொற்றலை ஆற்றின் முகத்துவாரம் மணல் சேர்ந்து அடைபடுவது இயல்பு. "அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த மேனியோடு கடலின் முன் போய் நிற்க நாணி ஆறு தயங்கிற்று" என்று எழுதினால் அது தற்குறிப்பேற்றம்.

ஆறாம் படி: பயனை எழுதுங்கள்

விடையில் மூன்று செய்திகள் இருக்கட்டும்: எந்தச் சொல், எந்த உத்தி, மாற்றினால் எது போகும். எண்ணூர் வரிக்கு, "இதில் தற்குறிப்பேற்ற அணி பயின்று வந்து வரிக்குச் சிறப்புச் சேர்க்கிறது" என்பது தேர்வுக்குப் போதலாம், படிப்பவருக்குப் போதாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "மணல் அடைத்ததால் நின்ற ஆற்றை, நாணத்தால் நின்றதாகச் சொல்லுவது தற்குறிப்பேற்றம், 'நாணி' என்ற ஒரு சொல்லை நீக்கினால் வரி வெறும் செய்தியாகிவிடும், சாம்பலைக் கொட்டியவர்கள் படவேண்டிய வெட்கத்தை ஆறு படுகிறது என்ற குத்தலும் போய்விடும்."