கையுறை போட்ட கையும் அழுக்குக் கைதான்

மருத்துவமனையில் நோய்த்தொற்றுத் தடுப்பு நர்ஸாகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த பயிற்சி நர்ஸ்களோடு வார்டைச் சுற்றி வந்தேன். அந்த வயதில் நான் செய்த அதே தவறுகளை ஒவ்வொன்றாக மறுபடியும் பார்த்தேன். வாயை மூடாமல் இருமாதே, ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் வேறு.

மோதிரம், கைக்கடிகாரத்தோடு கை கழுவுவது

கழற்றுங்கள்.

கையுறை போட்டாகிவிட்டது, கை கழுவ வேண்டாம்

இதை நீளமாகவே சொல்லப்போகிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது.

ஒரு பயிற்சி நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு நோயாளியின் பெட்பேனை எடுத்தார். அதே கையுறையோடு கட்டில் கம்பியைப் பிடித்தார், திரையை இழுத்தார், கேஸ் ஷீட்டில் எழுதினார். அப்புறம் அடுத்த கட்டிலுக்குப் போய் ட்ரிப்ஸ் ஏறும் வேகத்தைச் சரிசெய்தார். வெறுங்கையாக இருந்திருந்தால் ஈரமோ பிசுபிசுப்போ பட்டவுடன் கழுவத் தோன்றியிருக்கும். கையுறை அந்த உணர்வையே மறைத்துவிடுகிறது. ரப்பரின் மேல் ஒட்டிய கிருமி, தோலின் மேல் ஒட்டியதைப் போலவேதான் அடுத்த இடத்துக்குப் போகிறது.

சரி, போட்டவருடைய கையாவது சுத்தமா? அதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் கையுறையில் இருக்கலாம். கழற்றும்போது அதன் வெளிப்பக்கம் விரலிலும் மணிக்கட்டிலும் பட்டுவிடும். அதனால்தான் ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி. கழற்றியதும் கை கழுவ வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இதை எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. எங்கள் வார்டில் வயதான ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. சில நாட்களில் பக்கத்துக் கட்டில், அப்புறம் அதற்கடுத்த கட்டில். பரிசோதனையில் மூவருக்கும் க்ளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா. மூவரும் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். ஆன்டிபயாடிக் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடுவதால், இந்தக் கிருமி தடையில்லாமல் பெருகும். அந்த மூன்று கட்டிலுக்கும் போய்வந்தவள் நான். கையுறை போட்டிருந்தேன், கழற்றிய பிறகு சானிடைசரும் தேய்த்தேன், எல்லாம் சரியாகச் செய்ததாக நம்பினேன்.

ஆனால் இந்தக் கிருமி கெட்டியான ஓடு கொண்ட வித்தாக மாறி, உலர்ந்த பரப்பில் மாதக்கணக்கில் கிடக்கும். சானிடைசரில் இருக்கும் ஆல்கஹாலுக்கு அது சாகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் அதைக் கொல்வதில்லை, ஆனால் கையிலிருந்து உரித்து அடித்துக்கொண்டு போய்விடும். கட்டிலையும் கம்பியையும் துடைக்க ப்ளீச் வேண்டும். மூவரில் ஒருவர் வீடு திரும்பப் பல வாரங்கள் ஆயின. அவர் முகம் இன்றும் நினைவிருக்கிறது.

கையால் தொற்று போகும் என்பது புதிய விஷயமும் அல்ல. 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் இதைக் காட்டிவிட்டார். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஏப்ரலில் அவருடைய பிரிவில் தாய்மார்கள் 100க்கு 18 பேர் இறந்தார்கள். மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஜூனில் அது 100க்கு ஏறக்குறைய 2 ஆகக் குறைந்தது. கிருமிகள்தான் நோய்க்குக் காரணம் என்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு முன்பே நடந்தது இது.

சானிடைசரை ஒரு சொட்டு தொட்டுக்கொள்வது

கை முழுக்க நனைய வேண்டும். விரல் இடுக்கு, கட்டைவிரல், நகநுனி எல்லாம் சேர்த்து 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். ஈரம் காயும் முன் துணியில் துடைத்துவிட்டால் பயனில்லை. கையில் அழுக்கு தெரிந்தால் சானிடைசரே வேண்டாம், சோப்பு போடுங்கள்.

காசநோய் வார்டுக்குச் சாதாரண மாஸ்க்

போதாது. காற்றில் மிதக்கும் நுண்துகளையும் வடிகட்டும் என்95 மாஸ்க் வேண்டும்.

காய்ச்சல் வரும்வரை பரவாது என்று நம்புவது

ஃப்ளூ வந்தவர், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடலாம். ‘இன்று லேசாகத் தொண்டை கரகரக்கிறது, அவ்வளவுதான்’ என்று ட்யூட்டிக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை.

நோயாளி போய்விட்டார், அறை காலி

தட்டம்மை நோயாளி வெளியேறிய பிறகும் 2 மணி நேரம் வரை அந்த வைரஸ் அறைக் காற்றில் இருக்கலாம். அவர் போன கையோடு படுக்கை விரிப்பை மாற்ற ஓடாதீர்கள். அவசரமாக யாரையாவது உள்ளே அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், தட்டம்மைத் தடுப்பூசி 2 தவணையும் போட்டவரை அனுப்புங்கள். அவரும் என்95 போட்டுக்கொண்டே போகட்டும்.