மடிநோய்: மருந்து ஏற்றுமுன்னும் ஏற்றிய பின்னும்

மாட்டுக்கு மடி வீங்கியதும் கடையில் கிடைத்த ஆன்டிபயாடிக் டியூபை வாங்கிக் காம்புக்குள் ஏற்றுவதும், இரண்டு வேளையில் பால் தெளிந்ததும் நிறுத்திவிடுவதும் பல கொட்டகைகளில் வழக்கம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் தங்கிப் பெருகுவது இப்படித்தான். மடிநோய்க் கிருமிகளான ஈகோலை, ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இரண்டும் மாட்டிடமும் மனிதரிடமும் வாழ்பவை. சாணி, கறக்கும் கை, காய்ச்சாத பால் வழியாக வீட்டுக்குள் வரும்.

கறக்குமுன் ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பாருங்கள். திரித்திரியாகவோ நீர்த்தோ இருந்தால் அந்த மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும்.

முதல் ஊசிக்கு முன்பே பால் மாதிரி எடுங்கள். மருந்து ஏறிய பிறகு எடுத்தால் ஆய்வகத்தில் கிருமி வளராமல் போகலாம். காம்பு நுனியை 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, முதல் பீச்சல்களைத் தள்ளிவிட்டு, கிருமி நீக்கிய புட்டியைச் சாய்த்து வைத்துப் பாலைப் பிடியுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் மடியிலிருந்து தூசியும் முடியும் விழுந்து முடிவு கெடும். ஐஸில் வைத்து அன்றே அனுப்பி, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்ற சோதனையைக் கேளுங்கள்.

வீக்கம் ஆரம்ப நிலையில் இருந்தால் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்துச் சிவக்க அரையுங்கள். மடியை ஒட்டக் கறந்து கழுவியபின், ஒரு கைப்பிடி விழுதை 150 மில்லி நீரில் கரைத்து மடி முழுக்கப் பூசுங்கள். நாளுக்கு 8 முதல் 10 முறை, 5 நாள். விழுதைத் தினமும் புதிதாக அரைக்க வேண்டும். காய்ச்சல் அடித்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, பாலில் ரத்தம் கண்டாலோ பூச்சை நம்பிக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

ஆன்டிபயாடிக் தொடங்கினால் மருத்துவர் சொன்ன நாள் வரை தொடருங்கள். விற்பனைக்குப் பால் ஊற்றக்கூடாத காலம் மருந்தின் லேபிளில் இருக்கும். இல்லையென்றால் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். ஒரு காம்பில் ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்குங்கள், மருந்து ரத்தத்தில் கலந்து மற்றவற்றுக்கும் போகும். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியே நிற்கும். அந்தப் பாலை உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது.

ஒதுக்கிய பாலைக் கன்றுக்கு ஊட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அதிலுள்ள சிறிதளவு மருந்து கன்றின் குடலில் எதிர்ப்புள்ள ஈகோலையை மட்டும் விட்டுவைத்து வளர்க்கும். கிணற்றிலிருந்து தள்ளிக் குழி வெட்டி அந்தப் பாலை ஊற்றி மூடுங்கள்.

கறந்து முடித்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்கி, தீவனம் போட்டு அரை மணி நேரம் மாட்டை நிற்க வையுங்கள். காம்புத்துளை மூடுமுன் படுத்தால் சாணியிலுள்ள கிருமி நேராக மடிக்குள் ஏறும்.