முழிச்சிருக்கும்போதே ஆப்பரேஷனா? மருந்து இல்லாம பயத்தைக் குறைக்கற வழிகள்

கண்புரை, சிசேரியன், ஹெர்னியா (குடலிறக்கம்), வெரிகோஸ் வெயின் (கால்ல ரத்தக்குழாய் வீங்கி சுருண்டுக்கறது)னு நிறைய ஆப்பரேஷன் இப்போ முழு மயக்கம் குடுக்காமயே நடக்குது, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சுட்டு பண்ணிடறாங்க. உடம்புக்கு நல்லதுதான், ஆனா படுத்திருக்கறவங்களுக்கு எல்லாமே காதுல விழும். வலியை விட "அடுத்து என்ன பண்ணப் போறாங்களோ"ங்கற நெனப்புதான் ஆளைப் போட்டு ஆட்டும். அதனால முக்கால்வாசி வேலையை ஆப்பரேஷனுக்கு முன்னாடியே முடிச்சுடணும்.

டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, எவ்ளோ நேரம் ஆகும், என்ன சத்தம் கேக்கும், எனக்கு என்னல்லாம் தெரியும்னு. மரத்துப்போற ஊசி வலியைத்தான் நிறுத்தும், தொடறது அழுத்தறது இழுக்கறதெல்லாம் கொஞ்சம் தெரியத்தான் செய்யும், இதை யாரும் சொல்லாம விட்டா, சிசேரியன்ல வயித்தைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருந்ததும் ஐயோ ஊசி வேலை செய்யலன்னு பதறிடுவாங்க. ரத்தம் கசியற இடத்தைக் கரண்ட்ல சுடும்போது கருகற வாசனை வரும், அதுவும் சாதாரணம். பிபி பட்டை அப்பப்போ தானா கையை இறுக்கிட்டு விடும். சிலருக்கு இந்த விவரமெல்லாம் கேட்டாலே பயம் ஜாஸ்தியாகும், அவங்க "எனக்கு எதுவும் சொல்லாதீங்க, முடிஞ்சதும் சொன்னா போதும்"னு சொல்லிடலாம், தப்பே இல்ல. முந்தின ராத்திரி அந்த ஆப்பரேஷன் வீடியோவைத் தேடிப் பாக்கறது மட்டும் யாருக்குமே வேண்டாம்.

உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சிக்னல் பேசி வெச்சுக்கோங்க, ரொம்ப முக்கியம் இது. கண் ஆப்பரேஷன்ல திடீர்னு தலையை ஆட்டினாலோ பேசினாலோ ஆபத்து, அதனால இருமல் வந்தா, ஏதாவது சொல்லணும்னா, கையைப் பிடிச்சிருக்கற நர்ஸோட விரலை ரெண்டு தடவை அழுத்தறேன்னு சொல்லி வெச்சா போதும். நிறுத்தச் சொல்ல நமக்கு ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சாலே பாதி படபடப்பு அடங்கும்.

இப்போ உள்ள படுத்தாச்சு. இங்கிலாந்துல சர்ரே யுனிவர்சிட்டிக்காரங்க 2015ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, முழிச்சிருக்கும்போதே வெரிகோஸ் வெயின் ஆப்பரேஷன் பண்ணிக்கிட்ட 398 பேரைப் பிரிச்சு சிலருக்குப் பாட்டு, சிலருக்குப் படம், சிலருக்கு அழுத்தற பந்து, சிலருக்குப் பக்கத்துல உக்காந்து பேச ஒரு நர்ஸ்னு குடுத்துப் பாத்தாங்க. பதட்டத்தை அதிகமா குறைச்சது நர்ஸோட பேச்சுதான். பந்து வலியையும் பதட்டத்தையும் குறைச்சுது, படம் பதட்டத்தை மட்டும் குறைச்சுது, பாட்டுக்கு அங்க பலன் தெரியல. வேற ஆய்வுகள்ல பாட்டுக்கும் நல்ல பலன் கெடைச்சிருக்கு, அதனால புடிச்சிருந்தா கேளுங்க, ஆனா நீங்களே தேர்ந்தெடுத்த பாட்டா இருக்கணும், டாக்டர் சொல்றது கேக்கற மாதிரி ஒரு காதுல மட்டும் மாட்டிக்கோங்க. என்னைக் கேட்டா முதல்ல கேக்க வேண்டியது ஆளைத்தான், "கொஞ்சம் என்கூட பேசிட்டே இருக்கீங்களா"ன்னு கேக்க கூச்சமே படாதீங்க.

மூச்சு. பயந்தா நம்மள அறியாம மூச்சைப் பிடிச்சுக்குவோம். நாலு எண்ணிக்கைல இழுத்து ஆறு எண்ணிக்கைல மெதுவா விடுங்க, விடறதுதான் நீளமா இருக்கணும். மானிட்டர்ல கேக்கற அந்த பீப் சத்தம் பெரும்பாலும் உங்க இதயத்துடிப்புதான், அது வேகமா அடிக்கறதைக் கேட்டே நிறைய பேர் இன்னும் பயந்துடறாங்க, மூச்சு நிதானமானா கொஞ்ச நேரத்துல அந்த பீப்பும் நிதானமாகறது உங்க காதுக்கே தெரியும். அதையே பிடிச்சுக்கிட்டு மூச்சு விடுங்க.

முகத்து மேல துணி போட்டா மூச்சு முட்டற மாதிரி இருக்கறவங்க முன்னாடியே சொல்லுங்க, துணியைத் தூக்கிக் கட்டிடுவாங்க, அடியில ஆக்ஸிஜன் ட்யூபும் வெப்பாங்க. குளிருதுன்னா போர்வை கேளுங்க, குளிர்ல வர்ற நடுக்கத்தை மனசு பயம்னு எடுத்துக்கும். மேல இருக்கற பெரிய லைட்டோட பளபள விளிம்புல ஆப்பரேஷன் நடக்கறது தெரிய வாய்ப்பிருக்கு, பாக்க வேண்டாம்னா சொல்லுங்க, திருப்பி வெப்பாங்க.

ஆப்பரேஷன் தியேட்டர்ல வேலை பாக்கறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள், "பயப்படாதீங்க"ன்னு மட்டும் சொன்னா பயம் போகாது. தொடறதுக்கு முன்னாடி "இப்போ துடைக்கப் போறேன், ஜில்லுனு இருக்கும்"னு சொல்லுங்க. வாய் தவறிக்கூட "அச்சச்சோ" சொல்லாதீங்க, கீழ விழுந்தது வெறும் பஞ்சா இருந்தாலும் படுத்திருக்கறவங்களுக்கு அது தெரியாது.

இதெல்லாம் முக்கியமா பயத்துக்குத்தான், மரத்துப்போற மருந்துக்குப் பதிலா இல்ல. நெஜமாவே சுருக்குனு வலிச்சா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காம உடனே சொல்லுங்க, மரத்துப்போற மருந்து இன்னும் கொஞ்சம் போடுவாங்க. ஏற்கனவே பேனிக் அட்டாக் வர்றவங்க, மூடின இடம்னாலே ஒத்துக்காதவங்க, மயக்க டாக்டர்கிட்ட முதல் சந்திப்புலயே சொல்லிடுங்க, லேசா தூக்கம் வர்ற மருந்து குடுக்கறதா இல்லையான்னு அவர் அப்பவே முடிவு பண்ணி வெச்சுக்குவாரு.