சூடேறியதும் நின்றுவிடும் ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர்: வீட்டிலேயே பழுதைக் கண்டறியும் முறை

வேலூரை 'வெயிலூர்' என்று கேலி செய்வது நம் ஊரில் பழைய வழக்கம். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அதில் சிரிப்பு வராது. என்னிடம் இருப்பது 1965ஆம் ஆண்டு ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். காலை ஆறு மணிக்குக் காட்பாடியில் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடும். பள்ளிகொண்டா வரை போய்த் திரும்பும்போது வெயில் ஏறியிருந்தால் வழியிலேயே நின்றுவிடும். அரை மணி நேரம் புளியமரத்து நிழலில் ஆறவிட்டால், ஒன்றுமே நடவாததுபோல் மறுபடியும் ஓடும். இந்த ஒரு பழுதைத் தேடி இரண்டு கோடைகாலம் போயிற்று. பெட்ரோல் அனுப்பும் ஏ.சி. பம்பை மாற்றினேன், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் இரண்டு கார்ப்பரேட்டர்களையும் பிரித்துக் கழுவினேன். கடைசியில் காரணமாக இருந்தது, பொறியை உண்டாக்கும் மின்சுற்றில் இருக்கும், கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு கண்டென்சர். நான் தலைகீழாகச் செய்த வேலையை நீங்கள் நேராகச் செய்வதற்காக, சோதிக்க வேண்டிய வரிசையை இங்கே எழுதுகிறேன்.

காரைப் பற்றிக் கொஞ்சம்

ஸ்பிட்ஃபயர் நம் சாலைகளில் அரிது என்றாலும் நம் மெக்கானிக்குகளுக்கு அது முற்றிலும் அந்நியமான வண்டி அன்று. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆலை 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி மாற்றியமைத்துத்தான் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலொட்டி. நம் ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி.; மார்க் 2 ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் அதே குடும்பத்தைச் சேர்ந்த 1147 சி.சி. எனவே ஒரு காலத்தில் ஹெரால்டு பார்த்த பெரியவர் யாராவது உங்கள் பகுதியில் இருந்தால், அவரிடம் அரை மணி நேரம் பேசுவது இணையத்தில் அரை நாள் தேடுவதைவிடப் பயன்தரும். முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னோக்கிச் சாய்வதால், டயரின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். இவ்வளவு வசதியான வண்டியை நான் வேறு கண்டதில்லை.

தொடங்குவதற்கு முன்

ஒரு ஸ்பானர் செட், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், வயர் இணைத்த ஒரு 12 வோல்ட் பல்பு, ஒரு பழைய ஸ்பார்க் பிளக், ஒரு நோட்டுப்புத்தகம், தீயணைப்பான் ஆகியவை போதும். லுங்கி கட்டிக்கொண்டோ, தோளில் துண்டு போட்டுக்கொண்டோ ஓடும் எஞ்சினுக்கு அருகில் குனியாதீர்கள். ஃபேனுக்கு மூடி கிடையாது. எஞ்சினை ஓடவிடுவது எப்போதும் ஷெட்டுக்கு வெளியில்தான். அடைத்த இடத்தில் புகை உயிருக்கே ஆபத்து.

மார்க் 1, மார்க் 2 வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உலோக உடலோடு (பாடி) இணைந்து எர்த் ஆகியிருக்கும். 1967இல் வந்த மார்க் 3 முதல் நெகட்டிவ் எர்த். இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பேட்டரி மாற்ற வருபவர்கள் பழக்கதோஷத்தில் நெகட்டிவ் முனையைப் பாடியில் மாட்டிவிடுவது உண்டு. அருகில் நின்று கவனியுங்கள். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பும்போது இரண்டு கார்களின் உடலும் ஒன்றையொன்று தொடவே கூடாது.

படி 1: எப்படி நின்றது என்று எழுதுங்கள்

சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றதா, அல்லது தும்மித் தும்மி, இழுவை குறைந்து நின்றதா? முதல் வகை பெரும்பாலும் மின்சாரக் கோளாறு, இரண்டாவது பெரும்பாலும் பெட்ரோல் கோளாறு. 'பெரும்பாலும்' என்பதைக் கவனியுங்கள்: என் கண்டென்சர் தும்மித்தான் நின்றது, அதனால்தான் நான் பம்பின் பின்னால் அலைந்தேன். கொணவட்டத்தில் பட்டறை வைத்திருந்த முதிய மெக்கானிக் ஒருவர் அப்போதே சொன்னார்: "தம்பி, கார்ப்பரேட்டர்ல கை வைக்காதீங்க. மொதல்ல கரண்ட்டப் பாருங்க." நான் கேட்கவில்லை.

படி 2: பழுதை வீட்டு வாசலுக்கு வரவழையுங்கள்

ஆறிய எஞ்சினைச் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பழுது சூட்டில் வருவதால் சோதனையும் சூட்டிலேயே நடக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு வண்டியை வெளியில் நிறுத்தி, பானெட்டை மூடி, எஞ்சினை ஓடவிடுங்கள். ரேடியேட்டர் கொதிக்காதபடி வெப்பமானியில் ஒரு கண் இருக்கட்டும். நின்றவுடன் பதற்றமின்றி ஒரு நிமிடத்துக்குள் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பதால், தேவையான கருவிகளை முன்கூட்டியே வெளியில் எடுத்து வையுங்கள்; பாதி வேலை இந்த ஆயத்தத்தில்தான் இருக்கிறது.

படி 3: பொறி வருகிறதா?

ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதில் பழைய பிளக்கை மாட்டி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினில் நன்றாகப் படும்படி கிளிப் போட்டு வையுங்கள்; கையால் பிடிக்க வேண்டாம், பெட்ரோல் கசிவு இருக்கும் பக்கத்திலும் வைக்க வேண்டாம். வேறொருவரைச் செல்ஃப் எடுக்கச் சொல்லுங்கள். 'சடக் சடக்' என்ற ஒலியோடு நீல நிறத்தில் பொறி பாய்ந்தால் மின்சாரப் பக்கம் நலம். படி 5க்குப் போகலாம். மெலிந்த ஆரஞ்சு நிறப் பொறி வந்தாலோ, பொறியே வராவிட்டாலோ படி 4.

படி 4: மின்சாரப் பக்கம்

ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்ற சிறு தொடுமுனை சுவிட்ச் இருக்கிறது; அது மூடியிருக்கும்போது, பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலின் முதன்மைச் சுற்றில் மின்சாரம் ஓடும். பாயிண்ட் திறந்ததும் அந்த ஓட்டம் சட்டென அறுபட வேண்டும்; அது எவ்வளவு விரைவாக அறுபடுகிறதோ, அவ்வளவு வலுவான பொறி பிளக்கில் கிடைக்கும். திறக்கும் பாயிண்டின் இடைவெளியில் மின்சாரம் தாவிப் பொசுக்கிவிடாமல் தன்னுள் வாங்கிக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. அதன் உள்ளே இருக்கும் காப்பு பழுதானால், குளிரில் ஒழுங்காகவும் சூட்டில் கசிந்தும் நடந்துகொள்ளும். ஆறிய பிறகு வண்டி மறுபடியும் கிளம்பியதன் மர்மம் இதுதான்.

முதலில், இக்னிஷனைப் போட்டுவிட்டு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் பாடிக்கும் நடுவே பல்பை இணைத்துச் செல்ஃப் எடுங்கள். பல்பு எரிந்தும் அணைந்தும் சிமிட்டினால் பாயிண்ட் திறந்து மூடுகிறது என்று பொருள். எரியவே இல்லை என்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்கவில்லை. எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது கரி படிந்திருக்கிறது.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்ட் முழுவதும் விரிந்த நிலையில் இடைவெளியை அளந்து பாருங்கள். 0.015 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.38 மி.மீ. இருக்க வேண்டும். பாயிண்டின் முகம் நீலம் பாய்ந்து, குழி விழுந்து கிடந்தால் சந்தேகம் கண்டென்சர்மீது விழ வேண்டும். மல்டிமீட்டரில் அளந்தால் 0.2 மைக்ரோஃபாரட் அளவில் காட்டும். ஆனால் கெட்டுப்போன கண்டென்சரும் ஆறிய நிலையில் இதே அளவைக் காட்டி ஏமாற்றும் என்பதால், மீட்டரை நான் இந்த ஓர் இடத்தில் நம்புவதில்லை. அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பழைய கண்டென்சரின் வயரைக் கழற்றிவிட்டு, வேறொரு கண்டென்சரின் உடலை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே எஞ்சினில் எர்த் கிடைக்கும் இடத்தில் திருகி, அதன் வயரைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையில் மாட்டுங்கள். சூட்டோடு சூடாக எஞ்சின் கிளம்பினால் விடை கிடைத்துவிட்டது. என் வண்டி அப்படித்தான் கிளம்பியது; வாசலில் நின்று சத்தமாகச் சிரித்தேன், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

புதிதாக வாங்கிய உதிரிபாகம் என்பதாலேயே அது நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். நான் முதலில் வாங்கிய புதுக் கண்டென்சர் மூன்று வாரத்தில் கெட்டது. ஹெரால்டு காலத்துப் பழைய இருப்பிலிருந்து கிடைத்தது இன்றும் உழைக்கிறது. எதை வாங்கினாலும் கழற்றிய பாகத்தைக் கையோடு எடுத்துப்போய், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

கண்டென்சர் மாற்றியும் தீரவில்லை என்றால் இரண்டு இடங்கள் பாக்கி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி கழன்றிருக்கும்போது, காயிலின் நடு வயரை இடுக்கியின் பிளாஸ்டிக் பிடிக்குள் பிடித்து, மூடிக்குள் சுழலும் பாகமான ரோட்டரின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே வைத்து, பாயிண்டைத் திறந்து மூடினால் பொறி தாவக் கூடாது. தாவினால் ரோட்டரின் வழியாக மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது. காயிலின் இரு சிறிய முனைகளுக்கு நடுவே ஏறத்தாழ 3 ஓம் இருக்க வேண்டும். 1.5 ஓம் காட்டினால், தடையோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய வேறு வண்டியின் காயிலை யாரோ மாட்டியிருக்கிறார்கள். நேரடி 12 வோல்ட்டில் அது கைவைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும்.

படி 5: பெட்ரோல் பக்கம்

பெட்ரோல் டாங்கின் மூடியை முதலில் திறந்து பாருங்கள். காற்றை உறிஞ்சும் ஓசை கேட்டால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. செலவே இல்லாத பழுது.

ஏ.சி. பம்ப் என்று மெக்கானிக்குகள் சொல்வது எஞ்சினின் கேம்ஷாஃப்ட் இயக்கும் பெட்ரோல் பம்பை. அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரால் வந்த பெயர் அது, குளிர்சாதனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. காயிலின் நடு வயரைக் கழற்றிப் பொறி வராமல் செய்துவிட்டு, கார்ப்பரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலில் விட்டுச் செல்ஃப் எடுத்தால், பெட்ரோல் விட்டு விட்டு வலுவாகப் பீய்ச்ச வேண்டும். சூட்டில் மட்டும் நுரையும் குமிழியுமாக வந்தால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிறது. இந்த எஞ்சினில் கார்ப்பரேட்டர்கள், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே அமர்ந்திருப்பதால் வேலூர் மே மாதத்தில் இது நடக்கக்கூடியதே. பம்பின்மீது ஈரத்துணி போட்டுப் பாருங்கள்; உடனே குணம் தெரிந்தால் குழாயைச் சூட்டிலிருந்து விலக்கி ஓட்டி, வெப்பம் தாங்கும் உறை போடுங்கள்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் உப்பி, உட்புறம் உதிர்ந்து, அந்தத் துகள்கள் கார்ப்பரேட்டரை அடைக்கின்றன. எத்தனால் தாங்கும் குழாயாகவே வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவது நல்லது. தீ விபத்தைத் தவிர்க்கவும் இது தேவை.

எஸ்.யு. நிறுவனத்தின் கார்ப்பரேட்டர்களைத் தொடுவது கடைசியில்தான். காற்று வடிகட்டியைக் கழற்றி, ஓடும் எஞ்சினில் உள்ளிருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்ல உயர்த்துங்கள். ஓட்டம் ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. கூடியபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம். தடுமாறி நின்றால் பெட்ரோல் குறைவு. இரண்டு கார்ப்பரேட்டர்களையும் தனித்தனியே இப்படிச் சோதிக்க வேண்டும்.

படி 6: சேர்த்து மூடி, ஓட்டிப் பார்த்தல்

பிளக் இடைவெளி 0.025 அங்குலம். வயர்களைத் திரும்ப மாட்டும்போது சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும், ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். பாயிண்ட் இடைவெளியை மாற்றியிருந்தால் டைமிங்கும் (பொறி வரும் நேரம்) நகர்ந்திருக்கும். அதையும் சரிபார்க்காமல் கிளம்பாதீர்கள். ரேடியேட்டருக்கு நம் ஊர் உப்புப் போர் தண்ணீரை ஊற்றாமல், பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள்.

முதல் நாள் காட்பாடிக்குள்ளேயே இரண்டு சுற்று, அடுத்த நாள் சத்துவாச்சாரி வரை, மூன்றாம் நாள் வெயிலில் ஆற்காடு வரை என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் எங்கும் போய்விடாது. சுமார் 500 கிலோமீட்டர் ஓடியதும் புதிய பாயிண்டின் குதிகால் (சுழலும் தண்டில் உரசும் முனை) தேய்ந்து இடைவெளி குறைந்திருக்கும். அன்று மறுபடியும் ஃபீலர் கேஜை எடுங்கள். வெளியில் மாட்டிச் சோதித்த அந்தக் கண்டென்சரையும் ஒரு சிறிய ஸ்க்ரூடிரைவரையும் டேஷ்போர்டிலேயே வைத்துவிடுங்கள்.